மூன்றாவது பம்பு

ஞானரட்ணம் தலையை ஆட்டினார். ஹென்ரிக் அதைப் பார்த்துவிட்டு, எழுதுவதற்கு எடுத்த பேனாவைக் கையில் பிடித்தபடியே றோசலின் பக்கம் திரும்பினார்.

“றோசலின், அது ஓமா, இல்லையா?” என்று டெனிஷில் கேட்டார்.

பாவம் ஹென்ரிக், கேட்கத்தான் செய்வார். டெனிஷ்காரரின் தலைக்கு இரண்டே இரண்டு வேலைதான் தெரியும். மேலும் கீழும் போனால் ஓம், இடமும் வலமும் போனால் இல்லை. நம்முடைய ஆட்களின் தலை எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அதைச் சுமக்கிற கழுத்துக்கே தெரியாது. ஆனால் இந்தத் தலை ஆடிய விதம் அப்படிப் பொதுவானதல்ல. முதலில் இடது தோள் பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. அங்கே எதையோ யோசிப்பதுபோல் சற்று நின்றது. பிறகு நாடி நெஞ்சில் முட்டும்படி ஒரேயடியாகக் கீழே விழுந்தது.

“ஓம் என்றுதான் சொல்கிறார்” என்றாள் றோசலின். சொல்லி முடித்ததும் கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவளுடைய பாதத்தில் விழுந்தது. இரும்பு வைத்த சப்பாத்து என்றபடியால் விரல் தப்பியது. ஹென்ரிக் சிரித்துக்கொண்டே முதலாவது பம்புக்குச் சரி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

டென்மார்க்கில், வைலே நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிற அந்தத் தொழிற்சாலையில் றோசலின் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பெட்டி அடுக்குகிற வேலையில் தொடங்கி இப்போது சோதனைக் கூடத்தில் நிற்கிறாள். வேலையைச் சொன்னால் சின்ன வேலைதான். ஒரு மாடு படுத்திருக்கிற அளவு இரும்புப் பம்பு வரும். அதன் வாய்களைத் தடித்த தகடுகளால் மூடி, போல்ற் முறுக்கி, உள்ளே தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எங்காவது கசிகிறதா, வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் மறக்கக்கூடாத காரியம் ஒன்றுதான். தண்ணீர் நிரப்பும்போது மேலேயுள்ள சின்ன வால்வைத் திறந்து உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் மட்டும் இருந்தால், தகடு கழன்றாலும் தொம்மென்று காலடியில் விழும், அவ்வளவுதான். காற்று அகப்பட்டிருந்தால் கதை வேறு. அமுங்கின காற்று தகட்டைத் தூக்கி எறியும். இரண்டு மாரிக்கு முன் ஒரு புதுப் பெடியன் இதை மறந்து போனான். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், தகடு பறந்து போய் எதிர்ச்சுவரில் நின்ற இரும்பு அலுமாரியின் கதவை ஓட்டையாக்கிவிட்டது. அந்த அலுமாரியை இன்னும் எடுக்கவில்லை. யாரோ ஒரு வேலையாள் ஓட்டையை வாயாக வைத்து மேலே இரண்டு கண் வரைந்து சிரிக்கிற முகமாக்கிவிட்டான். டெனிஷ்காரரின் பகிடி அப்படித்தான்.

அந்த மாதம் சோதனைக்கு வந்த மூன்று பம்புகளும் மன்னாருக்குப் போகப் போகின்றன. சண்டை முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உப்புக் கிணறுகளோடு கிடக்கிற ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற திட்டம். குளத்தில் தண்ணீர் எடுத்து, சுத்தம் செய்து, கோபுரத்தில் ஏற்றுகிற வேலை முழுவதையும் ஒரு டெனிஷ் கொம்பனி எடுத்திருந்தது. அந்தக் கொம்பனியின் ஆள்தான் ஹென்ரிக். பெட்டியில் ஒட்டுகிற முகவரியில் தன்னுடைய ஊர்ப்பக்கத்தின் பெயரைப் பார்த்த நாளில் றோசலினுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், பூசைக்குப் போய்ச் சொன்னாள், கடையில் கறிவேப்பிலை வாங்கும்போதும் சொன்னாள். புருஷன் நிர்மலன், “அப்ப உன்ர பேரையும் அதில வெட்டிவிடு, ஊரில சனம் குடிக்கேக்க நினைக்கட்டும்” என்று நக்கலடித்தான். பேர் வெட்டவில்லை. ஊரில் புது வள்ளம் இறக்கும்போது அதன் முன்முனையில், அணியத்தில், சிலுவை போடுவார்கள். அதுபோல முதல் இரண்டு பம்பின் காலிலும் யாரும் காணாத இடமாகப் பார்த்துச் சோக்கால் ஒரு சின்னச் சிலுவை போட்டாள்.

பம்புகள் கப்பல் ஏறுமுன் வாங்குகிறவர்கள் வந்து சோதனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொழும்பிலிருந்து இரண்டு எஞ்சினியர்மார் வந்து, குளிருக்குப் பயந்து, கண்ணாடி அறைக்குள் கோப்பியும் கொம்பியூட்டருமாக இருந்துவிட்டார்கள். கூடத்துக்குள் வந்தவர் மூன்றாமவர், ஞானரட்ணம். மன்னாரில் ஆட்கள், மண், லொறி, காணி எல்லாவற்றையும் ஹென்ரிக்கின் கொம்பனிக்கு ஒழுங்குபண்ணிக் கொடுக்கிற உள்ளூர் ஒப்பந்தக்காரர். அறுபது வயது மதிக்கலாம். நல்ல கோட்டு, நரைக்கு அடித்த மை, வாய் நிறையச் சிரிப்பு. இங்கிலிஷ் அரைகுறை என்றபடியால் றோசலினை மொழிபெயர்க்கச் சொல்லிப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

“தங்கச்சி தமிழோ? அட கடவுளே! டென்மார்க்கிலயும் எங்கட ஆக்கள்தான் பம்பு செய்யினமோ?” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் ஞானரட்ணம். றோசலினுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். ஊர் ஆள் வருகிறார் என்று விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தவள் அவள். அந்தத் தலை ஆடும்வரைக்கும் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தலையாட்டி என்றால் இன்றைக்குப் பிள்ளைகள் பொம்மையைத்தான் நினைப்பார்கள். அந்தக் காலத்துச் சனத்துக்கு அது ஒரு ஆள். முகத்தில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஆமிக்காரர் இராணுவ ஜீப்பில் கொண்டுவந்து இருத்துவார்கள். பிடித்த ஆட்களை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடத்துவார்கள். சாக்கு அசையாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு ஆடினால் இவன் இயக்கப் போராளி என்று அர்த்தம், லொறி. லொறியில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் அவளுடைய கிராமமான பனங்கட்டிமுனையை ஆமி சுற்றிவளைத்தபோது றோசலினுக்குப் பதினேழு வயது. ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் அந்தோனியார் கோயில் முற்றத்தில், கொதிக்கிற மணலில், கையைப் பிடரியில் கட்ட வைத்து முழங்காலில் இருத்தியிருந்தார்கள். சரிந்தவனுக்குச் சப்பாத்துக் கால் விழுந்தது. தண்ணீர் கேட்ட கிழவர் ஒருவருக்குத் துவக்குப் பிடியால் தோளில் போட்டார்கள். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கோயில் விறாந்தையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை. ஜீப்பில் இருந்தவனுக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது. ஒரு ஆமிக்காரன் விரலை மடக்கி றோசலினைக் கூப்பிட்டு, தண்ணீர்க் குடத்தையும் தகரப் பேணியையும் காட்டினான்.

அவள் கொண்டுபோனாள். சாக்குக்காரன் விளிம்பை மூக்குவரை உயர்த்திக் குடித்தான். மழித்த நாடியும் ஈரமான கீழ் உதடும் மட்டும்தான் தெரிந்தன. ஆமிக்காரன் சிகரெட் பற்றவைக்கத் திரும்பிய நேரம் பார்த்து அவள் மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். “அண்ணை, நீலச் சேட்டுப் போட்டது என்ர அண்ணா. அவருக்கு ஒண்டும் தெரியாது. விட்டுவிடுங்கோ.” சாக்கு இடது தோள் பக்கமாகச் சாய்ந்தது, நின்றது, நெஞ்சில் விழுந்தது. சரி பிள்ளை, போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நம்முடைய ஆட்கள் சொல்கிற அதே ஆட்டம். பேணியில் மிஞ்சியிருந்த கடைசி மிடறைக் குடிக்காமல் ஜீப் சில்லடியில் ஊற்றிவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பி நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நீலச் சேட்டு ஜீப்பின் முன்னால் வந்தது. சாக்கு இடது பக்கம் சாய்ந்தது. நின்றது. விழுந்தது.

அண்ணா ஸ்ரிபன் சும்மா போகிற ஆளில்லை. தன்னைப் பிடித்தவனின் கையைக் கடித்து இரத்தம் வரவைத்தான். துவக்குப் பிடி அவனுடைய வாயில் மூன்று தரம் இறங்கியது. பிறகு தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லொறியில் எறிந்தார்கள். லொறி போன பிறகு அம்மா முற்றத்து மணலை விரலால் அரித்து அரித்து ஒரு பல்லைத் தேடி எடுத்தாள். வேறொன்றும் கிடைக்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாள் வந்தபோது, புதைக்க உடலில்லாத அம்மா, சேமக்காலையில் அப்பாவின் காலடியில் ஒரு கை ஆழத்துக்குக் கிண்டி, அந்தப் பல்லை வைத்து மூடி, மேலே இரண்டு குச்சியால் சிலுவை கட்டி நட்டாள். சாகும்வரைக்கும் அவள் மெழுகுதிரி கொளுத்தியது அந்தப் பல்லுக்குத்தான்.

வேறு ஒருத்தியாக இருந்தால், நான்தானே காட்டிக்கொடுத்தேன், நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று தன்னையே நொந்து பாதி ஆளாகியிருப்பாள். றோசலின் அப்படிப்பட்ட பிறவி இல்லை. அவள் கெஞ்சினாள், அவன் ஓம் என்றான், பிறகு கொன்றான். குற்றம் யாருடையது என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் எல்லாம் அவன் யார் என்பதிலும் அந்த லொறி எங்கே போனது என்பதிலும்தான்.

மத்தியானம் கன்ரீனில் ஹென்ரிக் விருந்தாளிகளுக்கென்று மேசை ஒழுங்குபண்ணியிருந்தார். கறுப்புப் பாண், ஊறப்போட்ட மீன், றோசலினின் ரோல்ஸ். நடுவில் ஒரு சாண் உயரமான கொடிக்கம்பங்கள் இரண்டு. இங்கே பிறந்தநாளென்றாலும் விருந்தாளி வந்தாலும் மேசையில் கொடி வைப்பார்கள். ஒன்று டென்மார்க்கினுடையது. மற்றது வாள் பிடித்த சிங்கம். ஹென்ரிக் அதை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். “உன்னுடைய கொடி!” என்று றோசலினுக்குக் காட்டி, குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். அந்த ஜீப்பின் முன்னாலும் அதுதான் பறந்தது என்று சொன்னால் மனிதர் என்ன செய்வார்? கொடியைக் கழற்றி ஒளித்துவிட்டு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். றோசலின் கதிரையை இழுத்து இருந்தாள். கொழும்புக்காரர் இருவரும் தங்களுக்குள் கதைத்தபடி மேசையின் மறுமுனையில் இருந்தார்கள்.

தலை ஆடுவதை வைத்து ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியுமா? முடியாதுதான். முப்பத்தைந்து வருஷம். ஊரில் ஆயிரம் பேர் அப்படித் தலையாட்டுவார்கள். இப்படியே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஹென்ரிக் தன் பாட்டில் ஒரு கதை சொல்லத் தொடங்கினார்.

“இவர் இல்லாவிட்டால் எங்கள் வேலை நடந்திருக்காது, தெரியுமா? போன வருஷம் குழாய் போகிற பாதையை மறித்து மீன்பிடிக்கிற ஆட்கள் இருந்துவிட்டார்கள். வலை காயவிடுகிற இடமாம். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். ஞானரட்ணம் வந்தார். வேலைத்தளத்து வாசலில் பொலிசுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கூட்டத்தில் யார் யார் மற்றவர்களைத் தூண்டிவிடுகிறவர்கள் என்று காட்டினார். பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.”

“எப்படிக் காட்டினார்?” என்று றோசலின் கேட்டாள்.

ஹென்ரிக் சிரித்தார். “அதுதான், அவருடைய அந்த வேடிக்கையான முறை.” பொன்னிறத் தலையை இடது தோளுக்குச் சாய்த்து, நிறுத்தி, நாடி நெஞ்சில் முட்டக் கீழே போட்டுக் காட்டினார். கெட்டித்தனமாகவே செய்தார். பிறகு முகம் கொஞ்சம் வாடியது. “ஒரு பையனுக்குக் கை முறிந்துபோனதாம். அது பிழைதான். நாங்கள் பொலிசுக்குச் சொன்னோம், இனி அப்படி அடிக்க வேண்டாம் என்று.”

தன்னுடைய பெயர் அடிபடுவதைக் கேட்டு ஞானரட்ணம் ரோல்ஸை மென்றபடி நிமிர்ந்தார். “என்னவாம் துரை சொல்றார்?”

“உங்களைப் புகழுறார் அண்ணை.”

“ஹா! நல்ல மனுசன். தங்கச்சி, எந்த இடம் எண்டு கேக்க மறந்திட்டன்.”

“மன்னார்தான்.”

“மன்னாரில எவடம்?”

“ரவுண்” என்று மன்னார் நகரைச் சொல்லிப் பொய் சொன்னாள்.

“ரோல்ஸ் நல்ல உறைப்பு. கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?”

றோசலின் எழும்பிப் போய்க் கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அவர் அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். மழித்த நாடி, ஈரமான கீழ் உதடு. குவளையில் ஒரு மிடறு மிஞ்சியபோது நிறுத்தினார். கதைத்துக்கொண்டே, யோசிக்காமல், பக்கத்து யன்னலில் இருந்த ஓர்க்கிட் சாடிக்குள் அதை ஊற்றிவிட்டுக் குவளையை அவளிடம் நீட்டினார்.

அவன்தான்.

மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு றோசலின் சுவரில் தலையைச் சாய்த்து நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கொல்ல வேண்டும் என்றுதான் வந்தது. அதில் பயம் இல்லை, பாவம் என்ற எண்ணமும் இல்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்குச் சோற்று மணம் பட்டதுபோல வயிற்றைப் பிடித்து இழுத்தது. அந்த நாடியை உடைக்க வேண்டும். அந்தத் தலை இனி எந்தப் பக்கமும் ஆடக்கூடாது. முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

இரண்டாவது பம்பு கரைச்சலில்லாமல் முடிந்தது. மூன்றாவது பம்பை அவள் தனியே தயார்படுத்தினாள். சிலுவை போடவில்லை. முன் தகட்டின் மேல் போல்ற்றுகளை ஸ்பானரால் இறுக்கினாள். கீழ்ப்பக்கத்து இரண்டையும் விரலால் மட்டும் திருகிவிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். மேலேயிருந்த சின்ன வால்வைப் பார்த்தாள். சோதனைக் கூடத்துக்கு வந்த நாள்முதல் அதைத் திறக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

ஹென்ரிக் தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். றோசலின் இருக்கும்போது அவருக்குக் கவலையில்லை. விருந்தாளி எங்கே நிற்க வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். யாரும் தாண்டக்கூடாது என்று நிலத்தில் கீறியிருந்த சிவப்புக் கோட்டின் ஓரத்தில் வந்து நின்று ஞானரட்ணம் தன் போனை எடுத்தான்.

“தங்கச்சி, இந்த மீற்றரோட ஒரு படம் எடுக்கட்டோ? ஊரில பிஷப்புக்குக் காட்ட வேணும்.”

“எடுங்கோ அண்ணை. உள்ளுக்கு வாங்கோ, பறவாயில்லை. அந்தத் தகட்டுக்குக் கிட்டப் போய் நில்லுங்கோ. அப்பத்தான் வடிவா வரும்.”

அவன் கோட்டைத் தாண்டிப் போய்த் தகட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனை உயர்த்தினான். றோசலின் பக்கவாட்டில் இருந்த சுவிற்சுப் பலகையில் மோட்டாரை ஓடவிட்டாள். மீற்றரின் முள் சோம்பலாக ஏறியது. உள்ளே காற்று இருந்தால் அப்படித்தான் ஏறும், அமுங்கி அமுங்கி இடம் கொடுத்துக்கொண்டு. பத்து. பன்னிரண்டு. தலைமயிரைக் கையால் சரிபண்ணி அவன் ஒரு படம் எடுத்தான். அது பிடிக்கவில்லைப் போலும், இன்னொன்று எடுத்தான். பதினாறு. மோட்டாருக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அவள் உரத்துக் கூப்பிட்டாள்.

“அண்ணை! தொண்ணூறாம் ஆண்டு, கோயில் முத்தத்தில, ஜீப்புக்குள்ள சாக்குப் போட்டுக்கொண்டு இருந்தது நீங்கள்தானே?”

படத்துக்காகப் பிடித்த சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. போன் கீழே இறங்கியது. இல்லை என்பான், கோபப்படுவான், என்னையும் அடித்து வெருட்டித்தான் இருத்தினார்கள் என்று அழுவான், காலில் விழுவான். இத்தனை வருஷத்தில் இவை எல்லாவற்றுக்கும் றோசலின் பதில் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். வழி விசாரிக்கிறவனுக்கு உதவ நினைக்கிற மனிதனின் முகம் அது.

“எந்தக் கோயில்?” என்று கேட்டான்.

எந்தக் கோயில்! எத்தனை முற்றம், எத்தனை ஜீப், எத்தனை பேணித் தண்ணீர். அண்ணா அவனுக்கு ஒரு நீலச் சேட்டுக்கூட இல்லை. அந்தத் தலைக்குள் எல்லாம் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று கலந்து, ஊர் ஊராக, லொறி லொறியாக. எந்த லொறி எந்த ஆமிக் காம்புக்குப் போனது, எந்த மணல் பிட்டியில் இறக்கினார்கள், எந்தக் கிணற்றை மூடினார்கள் என்று தெரிந்த தலை உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சமாக இருக்கக்கூடும். அதன் பின்னால்தான் தகடு இருந்தது.

தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஊசி நூல் போல ஒரு தண்ணீர்க் கோடு பாய்ந்து அவனுடைய காற்சட்டையில் பட்டது. அவன் குனிந்து பார்த்தான். றோசலின் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். மோட்டார் நின்றது. மோட்டார் நின்று என்ன, உள்ளே அமுங்கிய காற்று அப்படியேதான் இருந்தது. அவள் பலகையை விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி ஓடினாள். இரக்கத்தினால் ஓடினாள் என்று யாராவது சொன்னால் அவள் காறித் துப்புவாள். இரண்டு கையாலும் அவன் போட்டிருந்த கோட்டின் கழுத்தைப் பிடித்து, ஒரு மீன் பெட்டியை இழுப்பதுபோல் பக்கவாட்டில் இழுத்து, நிலத்தில் அடித்து, மேலே விழுந்தாள்.

கூடம் வெடித்தது. காது இரண்டும் அடைத்துவிட்டன. தலைக்கு மேலால் எதுவோ போனதைக் காதால் அல்லாமல் முதுகால்தான் உணர்ந்தாள். தண்ணீர் சுவராக வந்து இருவரையும் புரட்டிச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது. நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச்சுவரில் அலுமாரி இல்லை. சிரிக்கிற முகம் இருந்த கதவு இரண்டாக மடிந்து, தகடு அதையும் கடந்து சுவருக்குள் பாதி புதைந்து நின்றது. கல்லும் தூசியும் கொட்டிக்கொண்டிருந்தன. யாரோ வீரிட்டார்கள். கண்ணாடி அறையிலிருந்து கொழும்புக்காரர் இருவரும் வெளியே ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு காதிலிருந்து இரத்தம் இறங்கித் தண்ணீரோடு கலந்து போனது. முன்பல் ஒன்று உடைந்து விழுந்திருந்தது. அது தகட்டால் உடைந்ததல்ல, அவள் நிலத்தில் அடித்ததில் உடைந்தது. றோசலின் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஏறி இருந்தாள். கழுத்துப்பட்டியைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. விட நினைக்கவுமில்லை.

“பனங்கட்டிமுனை” என்றாள். தன் குரலே எங்கோ கிணற்றுக்குள் இருந்து கேட்டது. “அந்தோனியார் கோயில். நீலச் சேட்டு. நான் உனக்குத் தண்ணி தந்தனான். அந்த லொறி எங்க போனது?”

கண் திறந்து அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அவள் கழுத்துப்பட்டியை முறுக்கித் தலையைத் தூக்கி ஒரு தரம் நிலத்தில் மோதினாள்.

“சொல்லு. உனக்குத் தெரியுமோ, தெரியாதோ? லொறி எங்க போனது?”

ஹென்ரிக் தண்ணீரில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து பக்கத்தில் முழங்காலில் விழுந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. றோசலினின் தோளைக் கட்டிப்பிடித்து, “துசின் தக், றோசலின், துசின் தக்” என்று ஆயிரம் நன்றியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “நீ அவரைக் காப்பாற்றிவிட்டாய். நான் பார்த்தேன், நீ ஓடினதை நான் பார்த்தேன்.” பிறகு குனிந்து, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் இங்கிலிஷில் கத்தினார். “மிஸ்ரர் ஞானரட்ணம்! என்னைத் தெரிகிறதா? நான் சொல்வது கேட்கிறதா?”

இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள், இரண்டு பாஷையில். ஈரத் தரையில் கிடந்த தலை மெதுவாக இடது தோள் பக்கமாகச் சாய்ந்தது. அங்கே நின்றது. பிறகு, தூக்க முடிந்த அளவுக்குத் தூக்கி, நாடி அவளுடைய விரல்களில் முட்டும்படி விழுந்தது.

“என்ன சொல்கிறார்?” ஹென்ரிக் அவளைப் பார்த்தார். “றோசலின்? ஓமா, இல்லையா?”

வாசலில் எல்லோரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பம்பின் திறந்த வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் விட்டு விட்டு வந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு, நடுக்கூடத்து இரும்புச் சல்லடைக்குள் இறங்கியது. சல்லடைக் கம்பியில் ஒரு வெள்ளைப் பல் தடக்கி நின்றது. றோசலின் ஒரு கையால் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடியே, மற்றக் கையை நீட்டி அதை எடுத்தாள்.